ரெக்ஸுக்கு அனுப்பிய யானை

உங்கள் ஸ்டேஷனில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி ரொம்ப நாளாகிவிட்டது மேடம். உள்ளே வரும்போதே வாடை தெரிந்தது. யாரையாவது என் கடைக்கு அனுப்பி டிஸ்டில்டு வாட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள். கடைச் சாவி உங்கள் ஏட்டையாவிடம்தான் இருக்கிறது.

என் பெயர் செந்தூர்வேல். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். தூத்துக்குடிக்கு வந்து பேட்டரிக் கடை போட்டு வருஷம் பல ஆயிற்று. படகுக்காரர்களுக்குப் பேட்டரி, வயர்லெஸ், சங்கு குளிக்கிறவர்களுக்குக் கம்ப்ரசர், ஓஸ் எல்லாம் விற்பேன். ரிப்பேரும் பார்ப்பேன். கல்யாணம் ஆகவில்லை. நீங்கள் ஹென்றி செத்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். ஆனால் ரெக்ஸிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

ரெக்ஸ், ஹென்றியின் தம்பி. திரேஸ்புரத்துக்காரன். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்து ஒரு பைபர் படகு. ஹென்றி கடலுக்கடியில் இறங்கிச் சங்கு எடுப்பார். ரெக்ஸ் மேலே இருந்து கம்ப்ரசரையும் ஓஸையும் பார்த்துக்கொள்வான். ஓஸ் வழியாகப் போகிற காற்றுதான் கீழே இருப்பவருக்கு மூச்சு.

ஒரு நாள் ஓஸ் வாங்க வந்தவன் என் போனை எட்டிப் பார்த்தான். ராஜ்ஜியம் கட்டி ஆளும் ஆட்டம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தேன். அவனும் அதை ஆடுகிறவனாம். "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அதற்கு முன் என் கடையில் யாரும் உட்கார்ந்ததில்லை. சரக்கு வாங்குவார்கள், போவார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ராஜாவுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். பகை என்றால் சிவப்பு, நட்பு என்றால் பச்சை. பரிசு அனுப்பினால் பச்சை ஏறும். சும்மா விட்டால் தானாக இறங்கும். ரெக்ஸுக்குப் படை திரட்டத்தான் தெரியும். எடுத்ததற்கெல்லாம் சண்டைக்குப் போய்த் தோற்பான்.

"நீங்க சண்டையே போடாம எப்படி அண்ணாச்சி ஜெயிக்கீய?" என்று கேட்டான்.

"கொடுத்துத்தான்" என்றேன்.

முழுவதையும் அவனிடம் சொல்லவில்லை. எல்லாம் இருக்கிற ராஜாவுக்குப் பொன் அனுப்பினால் கோடு அசையாது. பஞ்சத்தில் இருப்பவனுக்கு நெல் அனுப்பினால் ஒரே தாவாகத் தாவும். பஞ்சம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கொள்ளைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி அவன் களஞ்சியத்துக்குத் தீ வைக்கலாம், யார் அனுப்பியது என்று தெரியாது. மறுநாள் நீங்களே நெல் அனுப்பலாம். நான் நிறையப் பேரை அப்படித்தான் நண்பர்களாக்கினேன். பிறகு அவர்களை நன்றாகவும் பார்த்துக்கொண்டேன்.

ரெக்ஸ் வீட்டுக்கும் கொடுத்துப் பார்த்தேன். மக்ரூன், எமர்ஜென்சி லைட், பேன். அவன் மனைவி விஜிலா எல்லாவற்றுக்கும் பதில் வைத்துவிடுவாள். "டப்பாவைச் சும்மா திருப்பித் தரக் கூடாது அண்ணாச்சி" என்று அதே டப்பாவில் மீன் வறுத்து அனுப்புவாள். நான் கொடுத்தது அதோடு சமமாகிவிடும். அவர்களுக்கு எதுவும் குறைவாக இல்லை. அதுதான் சிக்கல்.

ஆடி மாதத்தில் அவர்கள் படகு எஞ்சின் நின்றுபோனது. டீசலில் உப்புத் தண்ணீர் கலந்திருப்பதாக மெக்கானிக் சொன்னார். ஊற்றியது நான்தான். படகு கரையில் கிடந்தபோதுதான் ஊற்றினேன், யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று. தொழிலில்லாமல் கொஞ்ச நாள் கஷ்டப்பட்டார்கள். பிறகு நான் வேறொரு எஞ்சினைக் கொண்டுபோய் இறக்கினேன். ரெக்ஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்குக் கூடப்பொறக்காத அண்ணன்" என்றான்.

மேடம், எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த வார்த்தையை நான் வீடுவரை கொண்டுபோனேன்.

விஜிலா மட்டும் ஒரு நாள் சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்க பழக்கமாகுததுக்கு முன்னால எங்களுக்கு இம்புட்டு கஷ்டம் வந்ததே இல்ல." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஹென்றி கடைக்கு வந்தார், ஒரு சாக்கோடு. நான் கொடுத்த பேன், லைட் எல்லாம் அதில் இருந்தன. எஞ்சினுக்கு மாதாமாதம் தந்து தீர்த்துவிடுவதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

"அண்ணாச்சி, கோவப்படக் கூடாது. என் தம்பி உங்க முன்னால தலையைக் குனிஞ்சே நிக்கான். எனக்கு அது பிடிக்கல."

"அன்பாகக் கொடுத்ததுதானே" என்றேன்.

"கொடுக்கும்போது நீங்க அவன் முகத்தையே பாக்கீய. அதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

நல்ல மனிதர். நேருக்கு நேராகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரெக்ஸுக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்கிறார் என்பது மட்டும்தான் அன்று எனக்கு உறைத்தது.

சீசன் தொடங்குமுன் கம்ப்ரசரை சர்வீசுக்கு என்னிடமே கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு வேறு ஆளில்லை. ஓஸின் நடு இணைப்பில் இருந்த நல்ல கிளிப்பை எடுத்துவிட்டுத் தேய்ந்த ஒன்றை மாட்டினேன். அது என்றைக்காவது கழன்றுவிடும். ஆனால் ரெக்ஸ் கவனமானவன். ஓஸ் கொஞ்சம் துடித்தாலும் அண்ணன் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து அவரை மேலே ஏற்றிவிடுவான். அதனால் ஹென்றி கீழே இருக்கும் நேரத்தில் அவன் கவனம் வேறு பக்கம் இருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் சங்கு எடுக்கப் போகும் தீவுப் பக்கம் வரை போன் சிக்னல் கிடைக்கும். தினமும் அந்த நேரம் பார்த்து ஆட்டத்தில் அவனுக்கு ஏதாவது அனுப்பினேன். நெல், குதிரை, கப்பல் கட்ட மரம். அவன் பதில் எழுதுவான். நான் ஏதாவது கேட்பேன். பேசிக்கொண்டிருப்போம். சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் வெகுநாளாக ஆசைப்பட்ட பட்டத்து யானையை அனுப்பினேன். "அண்ணாச்சி, நெசமாவா?" என்று எழுதினான். "உனக்குத்தான், பேர் வை" என்றேன். பேர் யோசித்துக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று பேர் எழுதினான். அதற்குமேல் பதில் வரவில்லை.

நான் கடையைப் பூட்டிவிட்டுக் கரைக்குப் போனேன். அவனுக்கு ஆள் தேவைப்படும் என்று தெரியும்.

ஹென்றியின் மனைவி மெட்டில்டா எல்லார் முன்னாலும் ரெக்ஸின் சட்டையைப் பிடித்தாள். "அந்த மனுசன் உன் கையில மூச்சைக் கொடுத்துட்டுத்தானல இறங்குனாரு? நீ போனை நோண்டிக்கிட்டா இருந்த?" யாரும் அவளைத் தடுக்கவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகும் கல்லறைத் தோட்டத்தில் அவன் அப்படியே நின்றான். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, "உன் தப்பு இல்லலே" என்றேன். ஊரில் அதை அவனிடம் சொன்ன ஒரே ஆள் நான்தான். என் மேல் சாய்ந்து அழுதான். அந்தக் கனம் இன்னும் இந்தத் தோளில் இருக்கிறது.

அத்தோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். கவனக்குறைவு என்று அவன் மேல் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். அது சட்டப்படி சரிதான். நேற்று விஜிலா கடைக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அவரு சோறு திங்க மாட்டேங்காரு. போன் பிடிச்சிருந்த வலது கையையே பாத்துக்கிட்டு இருக்காரு. காலையில அரிவாளை எடுத்து அந்தக் கை மேல வச்சிட்டாரு. நான்தான் பிடுங்குனேன். நீங்க சொன்னாக் கேப்பாரு, வாங்க."

போனேன். சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். "உன் தப்பு இல்லலே" என்று மறுபடியும் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ தெருவில் போகிறவன் சொன்னது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். வார்த்தை இனிப் போதாது என்று புரிந்தது. தன் மேல் குற்றமில்லை என்பதற்கு அவனுக்கு அத்தாட்சி வேண்டும். அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். விபத்து என்று எழுதினால் பாதிக் குற்றம் அவன் கையிலேயே தங்கிவிடும். பயமுறுத்த மட்டும் செய்தேன் என்றும் எழுத வேண்டாம். ஹென்றி எத்தனை ஆழத்தில் இருப்பார், அங்கிருந்து காற்றில்லாமல் மேலே வர முடியாது என்பதெல்லாம் தெரிந்துதான் கிளிப்பை மாற்றினேன். சாகட்டும் என்றுதான் செய்தேன். ரெக்ஸ் போனைப் பார்த்ததும் என்னால்தான். கழற்றிய கிளிப் கடையில் மேசை டிராயரில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆள் அனுப்பி ரெக்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். ரொம்ப நன்றி மேடம். நானாக வந்துதான் சொன்னேன் என்பதையும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாசலில் கேட்பது ரெக்ஸ் குரல்தான். ஏதோ உடைகிறது. எதற்கு இத்தனை போலீஸ்காரர்கள் சேர்ந்து அவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள்? கதவைத் திறந்து உள்ளே விடச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்ததும் செருப்புக்கூடப் போடாமல் என்னைப் பார்க்க ஓடி வந்திருக்கிறான், பாவம்.