ஒரு சொட்டு டீசல்கூட இல்லாமல்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தால் வண்டியின் என்ஜினை அணைத்துவிடுகிற ஆள் நான். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்று இருந்துவிடுவேன். வீட்டில் காய்கறித் தோலை எல்லாம் மொட்டைமாடியில் ஒரு டிரம்மில் போட்டு உரமாக்குகிறோம். என் மனைவி மிருதுளாவுக்கு அந்த வாடை பிடிக்காது, எனக்காகப் பொறுத்துக்கொள்கிறாள். என்னைப் பற்றி நீங்கள் நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, யூனிஸ் மேடம். இன்ஸ்பெக்டர் என்ற முறையில் எப்படிப்பட்ட ஆள் இதைச் செய்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

நிஷாவின் சாவை நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். மழை, வெள்ளம், ஜெனரேட்டர் புகை, மூடிய அறை. அன்றைக்கு ஸ்ரீவத்சன் என்கிற நான் சொன்னதை வைத்து வேறு எந்த முடிவுக்கும் யாரும் வந்திருக்க முடியாது. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையதளம் என்றால் அது ஏதோ ஆகாயத்தில் இருப்பது மாதிரி எல்லோரும் நினைக்கிறார்கள். அது எங்கோ ஓர் அறையில், நிறுத்தாமல் ஓடுகிற கம்ப்யூட்டரில் இருக்கிறது. சர்வர் என்போம். அது ஓட மின்சாரம் வேண்டும். சூடாகிவிடாமல் இருக்க ஏசி வேண்டும், அந்த ஏசிக்கு இன்னும் மின்சாரம் வேண்டும். பெரிய கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக இதைப் பார்த்துவிட்டு, பூமிக்குச் சுமையில்லாமல் இதையே செய்ய முடியாதா என்று யோசித்துத்தான் வேலையை விட்டேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து, மற்றவர்களின் தளங்களை என் சர்வர்களில் ஓட்டித் தருகிற ‘இலைநிழல் ஹோஸ்டிங்’ தொடங்கினேன். கூரை முழுக்கச் சோலார் பலகைகள். கீழே வரிசையாக பேட்டரிகள். எங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் நானே ஒரு வரி எழுதினேன்: ‘ஒரு சொட்டு டீசல்கூட இல்லாமல்.’

எழுதிய அன்று அது உண்மை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த கோடையிலேயே பேட்டரிகள் உப்பிப் போயின. தகரக் கூரையின் கீழ் வேறென்ன ஆகும். புதிது வாங்கும்வரை என்று ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, சர்வர் அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்தேன். சோலாரில் வருவது மதிய நேரத்து ஏசிக்கே பற்றாது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. மீதிக்கு மின்வாரியத்தின் மின்சாரம்தான். ஆனால் வேறெங்கோ காற்றாலையில் உற்பத்தியான மின்சாரத்துக்குச் சான்றிதழ் வாங்கி, நாங்கள் செலவழித்ததற்கு ஈடுகட்டிவிடுவோம். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வது இது. வருடக் கணக்கில் பார்த்தால் நாங்கள் பச்சைதான். முதல் பக்கத்து வரியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நிஷா வாடிக்கையாளர் சேவையில் இருந்தாள். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அம்மா முத்தாலம்மாள் மீன் விற்கிறவர். அனகாபுத்தூரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். எங்களில் அந்த வரியை முழுதாக நம்பியவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது தோன்றுகிறது. கடல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது சார், அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று நேர்முகத் தேர்விலேயே சொன்னாள்.

ஜெனரேட்டரை அவள் பார்த்த அன்று என் மேசைக்கு வந்தாள்.

“சார், டீசல் இல்லன்னு போட்டிருக்கோமே.”

“இது தற்காலிகம்மா. வருஷக் கணக்குல பார்த்தா சரியா வந்துடும்.”

“அப்ப அதையே எழுதிடலாமே சார். கரண்ட் போனா டீசல் ஓடும்னு. உண்மைய சொன்னா யாரும் கோச்சிக்க மாட்டாங்க.”

அடுத்த மாதம் எழுதிவிடலாம் என்றேன். சரி சார் என்று போய்விட்டாள். அதன்பிறகு அவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது அந்த வரியைச் சொல்வதை விட்டுவிட்டாள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

ஜெனரேட்டரின் புகைக்குழாய் முதலில் கூரைக்கு மேலேதான் இருந்தது. ஷெட்டைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் அண்ணாந்து பார்த்து, அது என்ன புகை என்று கேட்டான். பக்கத்துப் பட்டறை என்றேன். அடுத்த வாரமே குழாயை இறக்கி, பின்சுவரை ஒட்டித் தரை மட்டத்தில், அரளிச் செடிகளுக்குள் முடியும்படி மாற்றச் சொன்னேன். நான் எந்திரவியல் படித்தவன் மேடம். புகையை மேலேதான் விட வேண்டும் என்று தெரியாதவன் இல்லை.

இனி அந்த மதியம்.

டென்மார்க்கில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் பாடம் சொல்லும் தளத்தை நடத்துகிறார்கள். அதை எங்களிடம் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். நேரில் வர முடியாததால் வீடியோவில் ஷெட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அவர்களைப் பிடித்துவிட்டால் ஐரோப்பாவில் நான்கு பேர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குக் கணக்கு. நாள் குறித்தபிறகு புயல் வந்தது. அடையாற்றில் தண்ணீர் ஏறி, தொழிற்பேட்டைக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. எங்கள் ஷெட் கொஞ்சம் மேடு. உள்ளே தண்ணீர் வரவில்லை. மற்றவர்கள் யாரும் வர முடியாத அன்று, நிஷா நடந்தே வந்துவிட்டாள். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பரணி முந்தின நாளிலிருந்து அங்கேயே இருந்தான். நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டிலிருந்து வீடியோவில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்திருக்கலாம். புயலில் அவர்களுடைய ஊரிலும் தள்ளித்தான் வைப்பார்கள். ஆனால் புயலிலும் நிற்காத பசுமை ஹோஸ்டிங் என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று நினைத்தேன்.

ஒரே சிக்கல் சத்தம்தான். ஜெனரேட்டர் ஓடுவது வீடியோவில் கேட்கக்கூடாது. பின்பக்க ஷட்டரை முழுதாக இறக்கி, இடுக்குகளில் கோணியை அடைக்கும்படி பரணியிடம் போனில் சொன்னேன். ஜன்னல்களையும் சாத்தச் சொன்னேன்.

“சார், காத்தே இல்லாம பூடும் சார். குழாய் வேற தண்ணிக்குள்ள முழுகிகினு கீது” என்றான் பரணி.

“கொஞ்ச நேரம்தானே. நீ போய் டீசல் வாங்கிட்டு வந்துடு. பாதியில நின்னுடப் போகுது.”

அவன் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனான். நிஷா மட்டும் உள்ளே இருந்தாள். வீடியோ தொடங்குவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள்.

“சார், டீசல் வாட தாங்கல. தலை வலிக்குது.”

“ஈரத்துல அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிச்சிட்டு உட்காரும்மா. கதவை மட்டும் திறந்துடாத, சத்தம் உள்ள வந்துடும்.”

“சரி சார்.”

குழாயின் வாய் தண்ணீருக்குள். ஷட்டர் மூடியிருக்கிறது. புகைக்கு வேறு வழியில்லை. கேபிள் போகிற ஓட்டைகள் வழியாக சர்வர் அறைக்கும், அங்கிருந்து அவள் இருந்த இடத்துக்கும்தான் வரும். ஏசி அந்தக் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருக்கும். இதெல்லாம் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தது என்று உங்களிடம் சொன்னேன். அப்படி இல்லை. அவள் தலைவலி என்று சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம்தானே என்று எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

நிஷா அழகாகத் தொடங்கினாள். தன் ஊரைப் பற்றி, கடலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். அறக்கட்டளையின் சார்பில் வீடியோவில் வந்திருந்த அம்மாளுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. மேசைகளையும் கண்ணாடித் தடுப்பையும் காட்டிவிட்டு, சர்வர்களுக்கு முன்னால் போனை ஸ்டாண்டில் பொருத்தினாள். அதன்பிறகு பேச்சு குழறியது. ஒரே வாக்கியத்தை மறுபடி சொன்னாள். முகம் சிவந்திருந்தது. இரும ஆரம்பித்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். படத்திலிருந்து அவள் கீழே போய்விட்டாள். சர்வர்களின் பச்சை விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன.

அவர் பதறிப்போய், அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, கேபிளைச் சரிபார்க்கக் குனிந்திருக்கிறாள் என்றேன். மிச்சத்தை நானே சொல்கிறேன் என்று பேச ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்றேன். ஒரு நாட்டின் மின்சாரப் பசியில் இணையத்தின் பங்கு எவ்வளவு என்று சொன்னேன். நன்றாகவே பேசினேன். இவ்வளவு நன்றாக நான் எங்கும் பேசியதில்லை.

மிருதுளா காபி கொண்டுவந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு எங்க? இப்ப இருந்தாளே.”

கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னேன்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்தே நிறுத்த என் போனில் வசதி இருந்தது. அதை உங்களிடம் நான் சொல்லவில்லை. ஒரு பொத்தான்தான். நிறுத்தியிருந்தால் புகை நின்றிருக்கும். ஆனால் விளக்கு, சர்வர், வீடியோ எல்லாம் அதோடு போயிருக்கும். சூரியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் இருட்டில் நின்றிருப்பேன். போன் என் கையில்தான் இருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நன்றி சொல்லி, அவர்கள் போனபிறகு அந்தப் பொத்தானை அழுத்தினேன். பரணிக்கு போன் செய்தேன். அவன் அதற்குள் ஷெட்டுக்குத் திரும்பி, உள்ளே தாழிட்டிருந்த கதவை உடைத்திருந்தான்.

“எந்திரிக்கவே மாட்டேங்குது சார்” என்றான். “நிஷா எந்திரிக்கவே மாட்டேங்குது.”

தோளில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தண்ணீரையும் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கொஞ்சம் முன்னால் வெளிக்காற்றுக்கு வந்திருந்தாலே பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். தன் மேல்தான் தப்பு, டீசலுக்குப் போயிருக்கக் கூடாது என்று பரணி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அவனைத் தேற்றுகிறேன்.

அறக்கட்டளையிலிருந்து இரங்கல் வந்தது. அவர்களுடைய தளம் இப்போது எங்களிடம்தான் ஓடுகிறது. நிஷாவின் பெயரில் மரக்கன்றுகள் நட்டோம். ஒரு மரம் வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவை உறிஞ்சும் என்று பலகையில் எழுதிவைத்தோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதுவும் சேர்ந்துதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

போன வாரம் முத்தாலம்மாள் ஷெட்டுக்கு வந்தார். மகளுடைய பையை வாங்கிக்கொண்டு போக வந்தவர், அவள் உட்கார்ந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் கோபமே இல்லை. நிஷா என்னைப் பற்றி வீட்டில் உயர்வாகச் சொல்லுவாளாம்.

“கடைசியா உங்ககூடத்தான் பேசிகினு இருந்திச்சாமே. எம் பொண்ணு இன்னா சார் சொல்லிச்சு?”

கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் அம்மா, சிரித்தபடியே இருந்தாள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது போதும் சார் என்றார்.

அது பொய். படத்தில் அவள் இல்லாதபோதும் குரல் வந்துகொண்டிருந்தது. முதலில் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு தமிழில், மெல்ல, தெளிவாக, “சார், நான் வெளிய போயிக்கட்டுமா சார்?” என்றாள். அவளால் அப்போது எழுந்து போக முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த டென்மார்க் அம்மாள் கேட்டுவிடப் போகிறாரே என்று நான் அவள் மைக்கை அணைத்தேன். மறுபடியும் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது.