காதுக்கம்பியில் ஒட்டிய எண்

கண்ணாடித் தகட்டை ஒழுங்காகக் கழுவத் தெரிந்தவன் அந்த ஆய்வகத்தில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கழுவினால் விரல்ரேகை அப்படியே இருக்கும். விசாரிக்க வந்தவர் நீங்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும்.

வேலை சொல்வதற்கு எளிது. தகட்டின் மேல் ஒரு திரவத்தைப் பரப்பி, லேசரால் கோடு இழுப்போம். ஒளி பட்ட இடம் பாலிமராக இறுகி நிற்கும். மிச்சம் கழுவினால் போய்விடும். அந்தக் கோட்டில் மின்சாரமும் ஓட வேண்டும், நீலவிளக்கின் கீழ் பச்சையாக மின்னவும் வேண்டும். ஒன்பது வருடம் நான் இழுத்த கோடுகள் மின்னினால் ஓடவில்லை, ஓடினால் மின்னவில்லை. அவர்கள் வாங்கிப் போட்ட திரவத்தின் தரம் அப்படி. "ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்" என்றார் இயக்குநர், கூட்டத்தில் வைத்து. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

அப்புறம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நேற்றைய மழைக்கு முளைத்த காளான். நான்காவது மாதமே தலைமுடியைவிட மெல்லிய கோடு இழுத்தாள், ஓடியது, மின்னியது. அதில் என்ன வரைந்தாள் தெரியுமா? அவள் மகள் கிறுக்கிய மூன்று கால் காக்கை. "அண்ணே, பாப்பாவோட காக்கா எப்படி மின்னுது பாருங்க" என்று என்னிடம்தான் முதலில் ஓடி வந்தாள். இயக்குநர் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கங்க" என்றார். எனக்கு வயிறெரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அங்கே இரண்டு லேசர்கள். ஒன்று பச்சை, அவள் வேலை செய்தது கண்ணுக்கே தெரியாத மற்றொன்றில். கோடு விழுவதை ஒரு சிறு துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். லேசருக்கு ஏற்றபடி பாதுகாப்புக் கண்ணாடியும் வேறு, ஒன்றுக்கானது மற்றதன் கதிரைத் தடுக்காது. ஆனால் இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே வடிவம். காதுக்கம்பியில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்துத்தான் அடையாளம். நகத்தால் நெம்பினால் அந்த ஒட்டி வந்துவிடும். ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டையும் மாற்றி ஒட்டினேன். இரண்டு நிமிடம் ஆனது. அந்தக் கதிர் பட்டால் வலிக்காது. வலிக்கும் என்றால் நான் செய்திருக்கவே மாட்டேன்.

நான்கு நாளில் அவள் வலது கண் போயிற்று. பாதுகாப்புக் குழு வந்து எண்ணைப் பார்த்தது. எண் சரியாக இருந்தது. அவசரத்தில் கண்ணாடி போட மறந்திருப்பாள் என்று எழுதிவிட்டுப் போனது. படித்த மேதைகள் ஐந்து பேர்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போனவன் நான்.

"பாப்பா மூஞ்சிக்கு நடுவுல ஓட்ட விழுந்த மாதிரி இருக்குண்ணே. காது தெரியுது, ஜடை தெரியுது, மூஞ்சி இல்ல" என்றாள். பிறகு வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். "இதுல நல்லாத் தெரியுது. இது போதும் எனக்கு. அடுத்த மாசமே வந்துருவேன்."

போதுமாம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மறுபடியும் கோடு இழுப்பாளாம். அந்தத் திமிரைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன்.

சொன்னபடியே வந்தாள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "எனக்கு யார் மேலயும் நம்பிக்கையில்ல. இனிமே கண்ணாடிய நீங்களே பாத்து எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

நானே எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிகள் அன்று மதியம் நான் ஒட்டியபடியே இருந்தன. எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். இடது கண்ணைத் துளையருகே கொண்டுபோனவள், மூக்கில் சரியாக உட்காரவில்லை என்றாள். பின்னால் போய் நின்று, காதுக்கம்பிகளை இணைக்கும் பட்டையை இறுக்கியும் விட்டேன். அக்கறை இல்லாதவன் அதையெல்லாம் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.