சுவரைப் பிடித்தது யார்

— எழுபத்தோரு மணி நேரம் ஆச்சுக்கா. இன்னும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பிரியவே இல்ல.

— தண்ணியும் எண்ணெயும்தானே? பாட்டில்ல ஊத்தினது நிமிஷத்துல பிரிஞ்சுதே.

— எண்ணெய் மாதிரி ஒண்ணு. ஆறினா தண்ணியோட கலந்துக்கும், சூடு பண்ணினா பிரிஞ்சுடும். ஆனா இது நுண்துளைக் கண்ணாடி. ஒரு துளைக்குக் குறுக்க பதினாலு தண்ணி மூலக்கூறு நின்னாலே ஜாஸ்தி. அதுக்குள்ள மேலயாவது கீழயாவது.

— நெரிசல் பஸ் மாதிரின்னு சொல்லு.

— அதேதான். ஒருத்தர் ஓரமா சாஞ்சுக்கறார், இன்னொருத்தர் நடுவுல மாட்டிக்கறார். அவ்ளோதான் அங்க பிரிவினை.

— யாரு ஓரம்?

— தண்ணின்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. எனக்கு எண்ணெய் போய் சுவர்ல ஒட்டியிருக்குக்கா. தலைகீழ். மூணு வருஷத்துல எனக்குன்னு கிடைச்ச முதல் விஷயம். அஞ்சு மணிக்கு சார் கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பிடுவார்.

— இப்ப நாலே கால்.

— உலையை விட்டுட்டு இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? உக்காருங்க, ஏன் நிக்கறீங்க.

— இருக்கட்டும். கண்ணாடிக்குத் தண்ணி ஆகாமப் போக என்ன காரணம் இருக்கும்?

— சுவர் அழுக்கா இருந்தா. காத்துல இருக்கற பிசுக்கையெல்லாம் இது உறிஞ்சிக்கும். அதுக்குத்தானே உங்க உலையில ஐநூறு டிகிரில ராத்திரி முழுக்க சுடறீங்க. சுட்டுட்டா அந்தப் பேச்சே இல்ல.

— அழுக்குன்னா கண்ணுக்குத் தெரியாதா?

— ரொம்ப இருந்தா மஞ்சளா தெரியும். கொஞ்சமா இருந்தா தெரியாது.

— கொஞ்சமா இருந்தாலே போதுமா, தலைகீழாக?

— போதும்னுதான் சாரும் பயந்தார். உலை நோட்டுல சுட்டாச்சுன்னு நீங்க போட்ட டிக்கைக் காட்டினேன். அக்கா சுட்டாங்கன்னா சுட்டாங்க சார்னேன். வாயை மூடிக்கிட்டார்.

— அவரைக் கூப்பிடு.

— இப்பவா? கடைசியா ஒரு தடவை படிச்சிட்டிருக்கார், கடிச்சுத் துப்பிடுவார்.

— திங்கட்கிழமை என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து கூப்பிட்டாங்க. வந்து உலையில வச்சுக்கலாம்னு டிக்கைப் போட்டுட்டு ஓடினேன்.

— சரி. வந்து வச்சீங்கல்ல?

— செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்தேன். கண்ணாடி வச்சிருந்த தட்டு காலி. நீ எடுத்துட்டுப் போயிருந்தே.

— அக்கா.

— மூணு நாளா சொல்லணும்னு வரேன், நீ சந்தோஷமா இருக்கே, திரும்பிப் போயிடறேன். உன் கண்ணாடி உலைக்குள்ள போகவே இல்லம்மா.