உள்பக்கம் திருப்பிய நான்கு எண்கள்

அந்த நாற்காலியில் உட்காருங்கள் ஐயா. என் கடையில் கிரீஸ் படாதது அது ஒன்றுதான். காபி வேண்டுமென்றால் எதிரே பாரிலிருந்து வரவழைக்கிறேன். நவம்பர் பதினைந்துக்குள் குளிர்கால டயர் மாட்டியாக வேண்டும் என்பதால் அடுத்த வாரம் இந்த மலையே என் வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று.

விபத்தில் சிக்கிய அந்த நீல வண்டியின் பின் டயர் இரண்டிலும் தயாரிப்புத் தேதி ஏன் உள்பக்கம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இருபத்தாறு வருடமாக டயர் மாட்டுகிறேன், இதுவரை யாரும் கேட்டதில்லை. சொல்கிறேன். ஆனால் வண்டியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

டாக்டர் பெல்லெய் அதை வாங்கி வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வெளிர் நீலம், இரண்டே இருக்கை, மடித்துத் திறக்கும் துணிக்கூரை. கீழே சமவெளியில் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்கிறவர்கள் இருந்தும், எங்கள் ஊருக்கு வந்தது அது ஒன்றுதான். முன் மூடியைத் திறந்தால் ஒரு பெட்டி வைக்க இடம் இருக்கும். பின் மூடியைத் திறந்தால் இன்னொரு பெட்டிக்கு இடம். எஞ்சின் எங்கே என்று ஆட்கள் சுற்றிச் சுற்றித் தேடுவார்கள். அது நடுவில், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது. முதுகில் அதன் சூடு தெரியும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை டாக்டர் டயர் மாற்றக் கொண்டுவருவார். வாசலிலிருந்து உள்ளே வண்டி தூக்குகிற மேடை வரைக்கும் நான் ஓட்டுவேன். வேலை முடிந்ததும் மேடையிலிருந்து வாசல் வரைக்கும். பன்னிரண்டு மீட்டர். ஒரு சுற்று போய்விட்டு வா என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு அவர் நோயில் படுத்துவிட்டார். நான்கு வருடம். வண்டி கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நின்றது. அதன் சக்கரங்கள் என் கிடங்கில் இருந்தன; ஊரில் எல்லாருடைய அடுத்த பருவத்து டயரும் என்னிடம்தானே இருக்கிறது. மாதம் ஒரு முறை போய் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவேன், கூரையைத் துடைப்பேன், எலிப்பொறி வைப்பேன். அதற்குக் கூலி வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் தவக்காலத்தில் டாக்டர் இறந்தார். டாக்டரம்மாவுக்கு, அவர் மனைவி ஒர்தென்சா அம்மாவுக்கு, வண்டி ஓட்டத் தெரியாது. விற்பார் என்று ஊருக்கே தெரியும். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் கடையின் பின்பக்கத்தைக் காலி செய்து, அளந்து, தரையில் வெள்ளைக் கோடு போட்டேன். அதோ தெரிகிறதே, அதுதான். அந்த வண்டிக்கு ஏற்ற அகலமான புதிய பின் டயர் ஒரு சோடியும் வாங்கி மேல் தட்டில் வைத்தேன். இன்னும் உறை பிரிக்காமல் அங்கேயே இருக்கிறது.

செப்டம்பரில் டாக்டரம்மா வண்டியை எர்மெஸுக்குக் கொடுத்துவிட்டார். பழைய ரொட்டி வேனுக்கு என்ன விலையோ அந்த விலைக்கு.

எர்மெஸை நீங்கள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தீர்கள். அவன் மேல்மலை வீடுகளுக்கு வேனில் ரொட்டி கொண்டுபோகிறவன். கல்யாணம் ஆகவில்லை. பள்ளியில் என்னோடு படித்தவன். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் முதல் நற்கருணை வாங்கினோம். கெட்ட வார்த்தை ஒன்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்னும் பாவசங்கீர்த்தனத்துக்காக என் மனதை வரிசையாகச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பாவம் ஒரு வருடம்கூட அகப்பட்டதில்லை.

ஏன் அவனுக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் டாக்டரம்மாவிடம் போனேன். சமையலறையில் செஸ்ட்நட் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காதப்பா ஆல்பீனோ. நாலு வருஷம் நீ தவறாம வந்தே, இல்லேங்கல. ஆனா நீ வண்டியப் பாக்க வந்தே. அவன் எங்களப் பாக்க வந்தான்."

நியாயமாகத்தான் சொன்னார். பனி கொட்டி வேன் ஏற முடியாத நாட்களில் எர்மெஸ் கடைசி ஒரு கிலோமீட்டரை ரொட்டியோடு நடந்திருக்கிறான். டாக்டருக்குச் சவரம் செய்திருக்கிறான். மதியத்தில் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி ஜன்னலருகே உட்கார வைப்பானாம், சாலையில் போகிற வண்டிகளைப் பார்க்கட்டும் என்று. இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. டாக்டரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அடக்கத்தன்று சொல்லித்தான் தெரியும். மாதா மாதம் நான் கொட்டகைக்குப் போய்வந்தேன். மாடியில் அந்த ஜன்னல் இருந்தது எனக்கு நினைவே இல்லை.

இதோடு விட்டிருப்பேன். அடுத்த வாரம் பாரில் சீட்டாடும்போது அவன் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

நாங்கள் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தோம். எர்மெஸ் உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் ஒரு சாவியை என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது ஒனக்குடா. சாவி ரெண்டு இருக்குல்ல. ஞாயித்துக்கிழம நீ ஓட்டு, மத்த நாள் நான். என்னைவிட அதுகூட அதிகமாப் பழகினவன் நீதானே."

ஊரில் முடிவெட்டுகிற சாந்தே ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான், அவன் சும்மா இருக்கவில்லை. "வாங்கிக்கப்பா ஆல்பீனோ. இத்தன வருஷமாப் பொண்ணு பாத்தது நீ, மோதிரம் போட்டது அவன். ஞாயித்துக்கிழமயாச்சும் போய் நலம் விசாரிச்சுட்டு வா" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எர்மெஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது, எனக்காக வருத்தப்பட்டான். சாவியை நான் தொடவில்லை. ஆட்டம் முடிந்து நான் எழுந்து போன பிறகு, அவனே கொண்டுவந்து என் கடை வாசற்படிக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

அக்டோபரில் வண்டியைத் தயார் செய்யக் கொண்டுவந்தான். டாக்டரின் டயர்கள் பதின்மூன்று வருடப் பழசு. அவர் கடைசிக் காலத்தில் அதிகம் ஓட்டாததால் பட்டன், தரையைப் பிடிக்கிற அந்த வரிப்பள்ளம், தேயவில்லை. பார்த்தால் நல்ல டயர் என்றே தோன்றும். ஆனால் ரப்பர் காய்ந்து மரமாகிவிட்டது. எர்மெஸிடம் இரண்டு புதியதுக்குத்தான் காசு இருந்தது.

"ரெண்டும் முன்னாடி போட்ருடா, ஸ்டியரிங் அங்கதானே" என்றான்.

இந்த மலையில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இங்கே ஓடுகிறதெல்லாம் முன் சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி, அதனால் நல்ல டயர் முன்னால் இருக்க வேண்டும் என்று நினைப்பு. அது அந்த வண்டிகளுக்கே தப்பு. முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேரே போகும், கட்டுப்பாடு கொஞ்சமாவது கையில் இருக்கும். பின்பக்கம் வழுக்கினால் சுழன்றுவிடும். எஞ்சின் நடுவில் இருக்கிற வண்டியோ பம்பரம் மாதிரி. வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். டாக்டருக்கு இது தெரியும். எர்மெஸ் வாழ்நாள் முழுக்க ரொட்டி வேன் ஓட்டினவன்.

இதை நான் எல்லாரிடமும் சண்டை போட்டுச் சொல்கிறவன் ஐயா. போன வருடம் பங்குச் சாமியார் தோன் செல்சோவோடு அரைமணி நேரம் வாதாடி அவருடைய சின்ன வண்டிக்குப் புதியதைப் பின்னால்தான் மாட்டினேன். விசாரித்துப் பாருங்கள். எர்மெஸிடம் "சரி" என்றேன்.

அதில் குற்றம் இல்லை. வாடிக்கைக்காரன் கேட்டதைச் செய்தேன்.

அந்த எண்களுக்கு வருகிறேன். நான்கு எண். முதல் இரண்டு எத்தனையாவது வாரம் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அது இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எர்மெஸுக்குத் தெரியும். அவன் வேனுக்கு யாரோ பழைய டயரை விற்று ஏமாற்றியபோது, குனிந்து அதைப் படிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து எந்த வண்டி நின்றாலும் குனிந்து படிப்பான், சின்னப் பையன் மாதிரி.

அதனால் பின் டயர் இரண்டையும் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினேன். எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய வகை அது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தது. கறுப்பு மெருகு இரண்டு கை பூசினேன், மறைந்துவிட்டது. வண்டியை எடுக்க வந்தவன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுசு எது, பழசு எது என்றே தெரியவில்லையே என்றான். எனக்கு ஒரு ரொட்டியும் கொண்டுவந்திருந்தான், இன்னும் சூடு ஆறாதது. பெஞ்சு மேல் வைத்துவிட்டுப் போனான். அதை நான் சாப்பிடவில்லை.

மேல் தட்டில் இருந்த புதிய சோடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் தோன் செல்சோ கோவில் முற்றத்தில் வண்டியை மந்திரித்தார். புது வண்டியோ பழைய வண்டியோ, கைமாறினால் இங்கே அது வழக்கம். டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். தீர்த்தம் பின் டயர் மேல் விழுந்து, மெருகு பூசிய இடத்தில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. பாடகர் குழுவோடு நானும் ஆமென் சொன்னேன்.

அங்கேதான் எர்மெஸ் என்னிடம் சொன்னான். வரும் சனிக்கிழமை டாக்டரம்மாவின் கல்யாண நாள். வருடா வருடம் டாக்டர் அவரைக் கூரையைத் திறந்து வைத்து மலைமேல் மாதா கோவிலுக்கு அழைத்துப் போவாராம். நான்கு வருடமாக அந்த அம்மாள் போகவில்லை. "அதுக்குத்தான்டா வண்டிய வாங்கினதே" என்றான்.

ஆகவே எனக்குத் தெரியும். இரண்டு இருக்கையிலும் ஆள் இருப்பார்கள் என்று ஆறு நாள் முன்பே தெரியும். திறந்த வண்டியில் குளிரும், தலைக்குக் கம்பளித் துண்டு கட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

சனிக்கிழமை அவர்கள் இறங்கும்போது மழை பிடித்தது. கோவிலுக்குக் கீழே ஏழாவது வளைவில் செஸ்ட்நட் இலை நனைந்து கிடந்தது. அவன் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பான்; வண்டி சுழன்று பள்ளத்தில் போய்விட்டது. டாக்டரம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். எர்மெஸ் திங்கட்கிழமை வரை இருந்தான்.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். தூங்குகிறார் என்று நர்ஸ் சொன்னாள். எனக்குப் பொய் பிடிக்காது ஐயா. இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

பிறகுதான் விசாரணைக்காக வெளியே காத்திருந்த உங்களைக் கூப்பிடச் சொன்னான். நீங்களே எழுதிக்கொண்டீர்கள், நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"டயர்ல ஆல்பீனோ மேல ஒரு தப்பும் இல்லீங்க. புதுச முன்னாடி போடச் சொன்னது நான்தான். அவன் ஏற்கெனவே மனசு ஒடைஞ்சு போயிருக்கான். அவனத் தொந்தரவு பண்ணாதீங்க."

கையெழுத்துப் போட முடியாமல் ஒரு கோடு இழுத்தான்.

அந்தத் தாள் உங்கள் பையில் இருக்கிறது. எண்கள் உள்பக்கம் போனது கைத்தவறு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கை மூடிவிடலாம் என்று வந்த உடனே சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். எட்டு நாளாக நானும் அதைத்தான் யோசித்தேன். அவன் பயந்து வண்டியை விற்றுவிடட்டும் என்று மட்டுமே நினைத்தேன் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். நடந்தது அது இல்லை. அவன் வண்டியோடு பள்ளத்தில் போக வேண்டும் என்று விரும்பினேன். டாக்டரம்மாவும் கூடப் போவார் என்று தெரிந்த பிறகும் ஆறு நாள் இருந்தது. அந்தப் புதிய சோடியை மாட்ட ஒரு மணி நேரம் போதும். நான் மாட்டவில்லை.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். வண்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குக் கொடுத்தான். சாகிற நேரத்தில் என் மானத்தையும், மிச்சமிருக்கிற வயதையும் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தான். ஊர் அதையும் சொல்லிக்கொண்டு திரியும், எர்மெஸ் எவ்வளவு நல்லவன் என்று. நான் அவன் தயவில் உயிர் வாழ வேண்டும். முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தே செய்தேன், இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவன் கையிலிருந்து நான் எதையும் வாங்கியதில்லை ஐயா. அந்தச் சாவியைக்கூட. திரும்பிப் பாருங்கள், அவன் மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது. தூசி படியாமல் தினம் எடுத்துத் துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.