பழகின கை

எனக்குப் பாட்டே பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. என் தம்பி முருகானந்தத்துக்கு முதல் ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பருவத்து மிளகு முழுவதும் அதற்கே போனது. ஊர்க்கவுண்டர் வீட்டுப் பிள்ளை நாடகக்காரர்களோடு சுற்றுவதா என்று எங்கள் மலையில், குண்டனி நாட்டு ஊர்களில் கேட்டவர்களுக்கு நானே பதில் சொன்னேன்.

நாடகங்களுக்கு இசையமைத்தான். பிறகு சினிமா. பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனிலேயே கேட்கிற தனிப்பாட்டு. மூன்றிலும் பேர் எடுத்தான். மூன்றிலும் ஒரே மெட்டை ஒளித்து வைத்திருந்தான்.

எனக்குத் தங்கை, அவனுக்கு அக்கா, கண்ணாயி. அவள் பாறையிலிருந்து விழுந்து இறந்தபோது அம்மா பாடிய ஒப்பாரி அது. அவன் அப்போது அம்மாவின் மடியை விட்டு இறங்காத வயது.

ஒப்பாரியில் பெண்கள் எதையும் சொல்லலாம். எமனைத் திட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், செத்தவளையே திட்டுவார்கள். பிணத்தை எடுத்ததும் சொன்ன சொல்லும் அதோடு போய்விடும். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. எங்கள் முறை அது, நல்ல முறை. அம்மாவிடம் நானும் கேட்கவில்லை. அதன்பின் சாகும்வரை அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதைப் பற்றியும் கேட்கவில்லை.

நாடகத்தில் அந்த மெட்டு வெறும் ஆர்மோனியமாக வந்தது. பொறுத்துக்கொண்டேன். சினிமாவில் வயலினாக வந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அழுதாள். அன்றிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அது எனக்குக் கேட்டது. ஆனாலும் வயலினுக்கு வாய் இல்லை.

போன வாரம் மலைக்கு வந்தான்.

"அண்ணா, புதுசா ஒரு பாட்டுப் பண்ணியிருக்கேனுங்க. நீங்க சரின்னாத்தான் வெளிய விடுவேன்."

"நான் சொல்லி நீ என்னைக்குடா நிறுத்தியிருக்கே?"

"மிளகைப் போட்டவரு நீங்க. மொதல்ல கேக்கற காது உங்களுதுதானுங்க."

கண்ணாயி விழுந்த பாறையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றான். போகிற வழியில் சொன்னான், இந்தப் பாட்டில் அம்மா பாடிய வரியையே வைத்திருக்கிறானாம்.

"அதை எடுத்துடு" என்றேன்.

"அதை எடுத்தா பாட்டே இல்லீங்களே. அம்மா என்னத்த நெனச்சுப் பாடுச்சோ, எனக்குத் தெரியலீங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரியின் அழகு மட்டுமே அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சாவுக்கு வந்த பெண்கள் சிலர் இன்னும் மலையில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியும்.

என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்று என் முகத்தையே பார்த்தான், சின்ன வயதில் பார்த்தது போலவே. அவன் குரலில் அம்மாவின் வரி வந்தது.

பாறை வழுக்கலியே, என் பவுனே,
பழகின கை தள்ளிருச்சே.

நான் எழுந்து அவன் நெஞ்சில் கை வைத்தேன். கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்திருப்பான், சிரித்தான். அவன் கத்தினானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடியும்வரை கேட்டேன். நல்ல பாட்டு.

கண்ணாயி கத்தினாள். பலாப்பழம் ஏற்ற வந்த லாரிக்காரனோடு போவதற்குத் துணிமணி எடுத்து வைத்திருந்தாள். நான் கோபப்படவில்லை. பாறைக்குக் கூட்டிப்போய்ப் புத்திதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவளுக்கு நடை பழக்கியதும் இதே கைதான்.

அந்தப் பாட்டை அவன் அன்று காலையிலேயே வெளியிட்டுவிட்டான் என்கிறீர்கள். இருக்கலாம். என்னிடம் சம்மதம் கேட்டது பெரியவன் என்ற மரியாதைக்காகத்தான் போலிருக்கிறது. நல்லபடியாக வளர்ந்த பிள்ளை.

எப்படியானாலும் எங்கள் வீட்டுப் பேச்சு வெளியே போகாமல் காப்பாற்றிவிட்டேன். அந்த அளவில் எனக்கு நிம்மதி.

உங்கள் போன் அடிக்கிறது. இந்த மெட்டைத்தான் நீங்களும் வைத்திருக்கிறீர்களா. எடுங்கள். அந்த வரி வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.