பானாவின் கீழ் ஒரு கோடு

நடனத்துக்கு வாசிக்கும் வாத்தியக் குழுவில் பாடகருக்கு வேலை குறைவு. அமெரிக்கக் குழுக்களைக் கிராமபோன் தட்டில் கேட்டால் இது விளங்கும். சாக்ஸபோன்கள் கேள்வி கேட்கும், டிரம்பெட்டுகள் பதில் சொல்லும். அப்படி ஒரு சுற்று முடிந்த பிறகே பாடகர் நாற்காலியிலிருந்து எழுவார். தட்டில் குழுத் தலைவர் பெயர் பெரிதாக இருக்கும், பாடகர் பெயர் பொடியெழுத்தில்.

மைக் இதைக் கெடுத்தது. அது ஒரு முணுமுணுப்பைப் பதினைந்து வாத்தியங்களுக்கு மேலே தூக்கி வைக்கும். கத்த வேண்டிய தேவை போனதும், பாடகர் ஒவ்வொரு பெண்ணின் காதோடும் பாடுவதாக ஆயிற்று. சில வருடங்களில் பொடியெழுத்து பெரிதானது. தலைவர்கள் குழுவைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் யாரும் உரிய நேரத்தில் எதுவும் செய்யவில்லை.

1954இல் நான் இலங்கை மலையகத்தில், லிந்துலையில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் ஒன்பது பேர் குழுவை நடத்தினேன். பாடியவன் இக்னேசியஸ், தேயிலை ஆலைத் தொழிலாளி. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டுகளைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். தமிழில் 'ப' ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஒலி இரண்டு. 'கம்பு' என்பதில் வருகிற ஒலி வேண்டுமானால் எழுத்தின் கீழ் சிவப்புக் கோடு போடுவேன். கோடு இல்லாவிட்டால் 'பழம்' என்பதில் வருகிற ஒலி. ஐந்து வருடத்தில் அவன் ஒரு கோட்டையும் தவறவிட்டதில்லை.

அந்த மார்கழியில் கிளப் வாசல் பலகையில் 'இக்னேசியஸும் குழுவும்' என்று எழுதியிருந்தார்கள். கீழே ஓர் ஓரத்தில் என் பெயர்.

"மாஸ்டர், ஒங்க பேரப் பாக்கத் தொரைக்கிட்ட பூதக்கண்ணாடி கேக்கணும் போலருக்கே" என்றான் டிரம் அடிக்கும் வீரய்யா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரிய துரையின் மனைவிக்குப் பிறந்தநாள் வந்தது. பருத்த உடம்புக்காரி. அவளுக்காக நானே ஒரு பாட்டு அமைத்தேன். 'யூ ஆர் மை பிக் லவ்' என்ற வரி அதில் நான்கு முறை வரும். கோடு போட்டால் 'பிக்' என்பது பெரிய. போடாவிட்டால் பன்றி. நான் பொய்யாக எதையும் எழுதவில்லை. ஒரு கோட்டைப் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒத்திகையில் தொண்டையை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். அவன் முணுமுணுத்தான். அந்தச் சொல் வரும் இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நிற்கும்படி அமைத்திருந்தேன். சொல் தெளிவாக விழுவதற்கு அதுதான் வழி. அவளைப் பார்த்துப் பாடச் சொன்னதும் நான்தான்.

நான்கு முறையும் நன்றாகப் பாடினான். முதல் முறை யாரும் நம்பவில்லை. மூன்றாம் முறை சின்னத் துரைமார் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் மகிழ்வதாக நினைத்து அவனும் சிரித்தபடி நான்காவதைப் பாடினான்.

பெரிய துரை என்னை அழைத்து, அவனுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். "நன்றாக வாசிப்பான், சார்" என்றேன். தமிழை அவன் நன்றாகவே வாசிப்பான்.

காலையில் பத்துச்சீட்டு எனும் விலக்குச் சீட்டைக் கொடுத்து அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டம் கொடுத்த லயத்து அறையை அன்றே காலி செய்ய வேண்டும். அவன் மனைவி மரியநாயகிக்கு நிறைமாதம். வேறு தோட்டம் எதுவும் அவர்களைச் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள், மழையில், பஸ் நிற்கும் கொட்டகையில் பிள்ளை பிறந்தது. விடிவதற்குள் குளிரில் செத்துப்போனது. அடக்கத்தில் நான் கிளாரினெட் வாசித்தேன்.

பாட்டுத் தாள்களை ஒவ்வொரு நடனமும் முடிந்ததும் நான் திரும்ப வாங்கிவிடுவது வழக்கம். அடக்கம் முடிந்த மறுநாள் இக்னேசியஸ் வந்து அந்தத் தாளைக் கேட்டான். எடுத்துக் காட்டினேன். நான்கு இடத்திலும் கோடு இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் போட்டிருந்தேன். விரலால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான்.

"நான்தான் சரியாப் பாக்கல மாஸ்டர். ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் கோபத்தை வைத்திருப்பது நியாயமில்லை. நான் அவனை மன்னித்துவிட்டேன்.