நடு ஹாலில் உப்பிய பலகைகள்

என் பெயர் விஜயராணி, தந்தை பெயர் மாயாண்டி. வயது 43. முகவரி: 27, ஜாலான் மெலாத்தி 3, குருபோங், மலாக்கா. ஆயர் குரோவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் கொழுந்தன் ஹரிதாஸ் கொடுத்த புகார் தொடர்பாக 14.11.1997 அன்று போலீஸ் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆள் அனுப்புவதற்கு முன்பே நானாக வந்துவிட்டேன்.

வீடு என் கணவர் நாகமுத்து, அவர் தம்பி ஹரிதாஸ் இருவர் பெயரிலும் உள்ளது. ஹரிதாஸ் ஜொகூரில் இருக்கிறார். வீட்டை விற்கலாம், விலை கூடும் என்று சொல்லி, சென்ற ஆண்டு ஹாலிலும் படுக்கையறையிலும் சிமெண்டுத் தரையின்மேல் லேமினேட் பலகை போட்டார். என் கணவர் கடைசிவரை விற்கச் சம்மதிக்கவில்லை.

செப்டம்பரில் என் கணவர் மாரடைப்பால் இறந்தார். உடலை நடு ஹாலில் கிடத்தியிருந்தோம். ஆண்கள் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற பிறகு, வழக்கப்படி நானும் பக்கத்து வீட்டு முனியாயி அக்காவும் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவினோம். சிமெண்டாக இருந்தபோது தண்ணீர் தானாக வாசலுக்கு ஓடிவிடும். இம்முறை பலகை இடுக்கில் இறங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் ஊற்றினேன்.

அதன் பிறகு சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஹரிதாஸ் கேட்டருகே நின்று, "அண்ணி, வீட்டக் கழுவியாச்சா? உள்ள வரலாமா?" என்று கேட்டார். கழுவியாயிற்று என்றேன். கால் கழுவிக்கொண்டு, அந்த ஈரப் பலகைமேல் நடந்து வந்துதான், உடல் இருந்த இடத்தில் ஏற்றியிருந்த விளக்கைக் கும்பிட்டார்.

கருமாதிக்குள் பலகைகள் ஓரம் உப்பி எழும்பின. கருமாதி முடிந்ததும் ஹரிதாஸ், "வேணும்னே நாசம் பண்ணிட்டீங்க. விக்கிற வீடு லா இது. காலி பண்ணுங்க" என்றார். "கழுவாம விட்டிருந்தா நீங்க உள்ள கால வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நானே பழுது பார்த்தேன். சுவரோரத்திலிருந்து தொடங்கி, உப்பிய பலகைகளை உளியால் நெம்பி எடுத்தேன். அடியில் இருந்த ஃபோம் விரிப்பு நாறியது, அதை எறிந்துவிட்டுத் தரை காயும்வரை காற்றாடியை ஓடவிட்டேன். அதே நிறப் பலகை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே என் படுக்கையறைப் பலகைகளைப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புது ஃபோம் விரித்து ஹாலில் பதித்தேன். ஒன்றிரண்டில் முனை உடைந்திருக்கிறது. அதுவும் நான் செய்ததுதான்.

படுக்கையறைப் பலகையை நான் திருடினேன் என்று புகாரில் உள்ளதாம். திருட்டுப்போன பலகை ஹாலில்தான் கிடக்கிறது. அவர் வந்து மிதித்துப் பார்க்கட்டும்.

வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றினீர்களா என்று அதிகாரி கேட்டார். ஆமாம். பலகையைக் கெடுக்க அல்ல, என் புருஷன் போன வீட்டைக் கழுவ. இன்னொரு முறை என்றாலும் ஊற்றுவேன்.

என் அறையில் இப்போது வெறும் சிமெண்டுத் தரை. அதில்தான் படுக்கிறேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் கழுவுகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது. அதுவரை அந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் உண்மை, நான் சொன்னதுதான். மாற்ற ஒரு சொல்லும் இல்லை.

(ஒப்பம்) மா. விஜயராணி